ரெட்டெய்ல் கேட்ஃபிஷ் தொட்டி அளவுக்குத்தான் வளருமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஆவடிப் பக்கம் வாடகை வீடு, இரண்டாவது மாடி, 3 அடித் தொட்டி. அதில் ஏற்கெனவே 2 ஆஸ்கர் மீன். போன வாரம் 3 இன்ச் ரெட்டெய்ல் கேட்ஃபிஷ் குட்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டீர்கள். கடைக்காரர் "தொட்டி அளவுக்குத்தான் வளரும், கவலைப்படாதீங்க" என்கிறார், நண்பர் "அது 4 அடி போகும்டா" என்கிறார். யார் சொல்வது சரி, என்ன தீனி, எந்த ஃபில்டர் என்று கேட்டிருக்கிறீர்கள். தீனி, ஃபில்டர் எல்லாம் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே "வாங்கியது தப்போ, இதை நம்மால் வைத்துக்கொள்ள முடியுமா" என்று இன்னொரு கேள்வி இருக்கிறது, அதைத்தான் நீங்கள் நேராகக் கேட்கவில்லை. 19 வருடமாகச் சென்னையில் வீடுகளிலும் ஆபீஸ்களிலும் மீன் தொட்டி கட்டிக் கொடுத்து, மாதாமாதம் போய்ச் சுத்தம் செய்கிற வேலை என்னுடையது. படித்தது வேறு, மீனைக் கற்றது கொளத்தூர் மீன் கடைகளில் வாளி தூக்கி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ரெட்டெய்ல் தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ, எஸ்ஸெகிபோ ஆறுகளில் வாழும் பெரிய கெளுத்தி. முதுகு கறுப்பு, வாயிலிருந்து வால் வரை பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை, செக்கச்செவேலென்று வால், 3 ஜோடி மீசை. குட்டியாக இருக்கும்போது இத்தனை அழகான கெளுத்தியைப் பார்க்க முடியாது, அதுதான் பிரச்சினையே. ஆற்றில் 4 அடியைத் தாண்டும், தூண்டிலில் பிடித்து 50 கிலோவுக்கு மேல் எடை பார்த்த மீன்கள் பதிவில் இருக்கின்றன. 6 அடி என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. வீட்டுத் தொட்டியிலும் சிமெண்ட் தொட்டியிலும் நான் பார்த்தவை இரண்டரை அடியிலிருந்து மூன்றரை அடி வரை. அதுவே போதும் நம்மை வீட்டை விட்டு விரட்ட. வேகம் என்று பார்த்தால், வயிறாரச் சாப்பிடும் குட்டி 6 மாதத்தில் ஓரடியைத் தொட்டுவிடும், ஒரு வருடம் முடிவதற்குள் ஒன்றரை, இரண்டு அடிக்கு வந்து நிற்கும். அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. ஆயுள் 15 வருடத்துக்கு மேல். உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்தக் கணக்கை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் இந்த மீன் இருக்கும்.

"தொட்டி அளவுக்குத்தான் வளரும்" என்பது முழுப் பொய் இல்லை, அதனால்தான் இத்தனை காலமாக விலைபோகிறது. சின்னத் தொட்டியில் மீனின் வளர்ச்சி குறைவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் இடத்தைப் பார்த்து மீன் "சரி, இதோடு போதும்" என்று முடிவு செய்வதில்லை. சின்னத் தொட்டியில் கழிவு சேர்கிறது, நைட்ரேட் ஏறுகிறது, மீன் திரும்பவும் நீந்தவும் இடமில்லாமல் அழுத்தத்தில் கிடக்கிறது, அதனால் வளர்ச்சி குன்றுகிறது. சோறும் காற்றும் இல்லாத அறையில் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டு "அறை அளவுக்கு வளர்ந்திருக்கான்" என்று சொல்வது மாதிரி. அப்படிக் குன்றிய ரெட்டெய்லைப் பார்த்தால் தலை பெரிதாகவும் உடம்பு ஒட்டியும் இருக்கும், வால் ஒரு பக்கம் மடிந்திருக்கும், மீசை கண்ணாடியில் உரசி உரசிப் பாதியாகியிருக்கும். இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வெளி உடம்பு வளர்வது நின்ற பிறகும் உள்ளுறுப்புகள் வளர்ந்துகொண்டே போய் மீன் உள்ளுக்குள் வெடித்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்ததில்லை, நம்பும்படியான ஆதாரம் எதுவும் என்னிடம் வந்ததும் இல்லை. பயமுறுத்த அது தேவையும் இல்லை. மேலே சொன்னதே போதுமான கொடுமை.

சரி, பெரிய தொட்டி கட்டலாமே என்பீர்கள். 3 அடி மீன் உடம்பை மடக்காமல் திரும்ப வேண்டுமென்றால் தொட்டியின் அகலமே 4 அடி வேண்டும். நீளம் 8 அடி, உயரம் 3 அடி என்று வையுங்கள். இதையே பலர் சின்னது என்பார்கள், நானும் அந்தக் கட்சிதான். 96 கன அடி, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர், அதாவது 2.7 டன். அந்த உயரத்துக்கு 19 மில்லிமீட்டர் கண்ணாடிக்குக் குறைவாகப் போட்டுக் கட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் நீங்கள் காசு கொடுக்காதீர்கள். அந்தக் கண்ணாடி மட்டுமே 400 கிலோவைத் தாண்டும், ஸ்டாண்டு தனி. மொத்தம் 3 டன்னுக்கு மேல், 3 சதுர மீட்டர் இடத்தில். நம் ஊரில் வீட்டு அறைத் தளங்களைப் பொறியாளர்கள் கணக்கிடுவது சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற அளவில். அது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு, அதனால்தான் மூலையில் ஒரு பீரோவோ 3 அடித் தொட்டியோ நின்றால் தளம் தாங்கிக்கொள்கிறது. இது அந்தக் கதை இல்லை. தண்ணீரின் எடையே சதுர மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டுகிறது. நான் கட்டடப் பொறியாளர் இல்லை, உங்கள் வீட்டின் பீம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் தாங்கும், தாங்காது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது மாடியில், வாடகை வீட்டில், பொறியாளர் கையெழுத்து இல்லாமல் இந்தத் தொட்டியைக் கட்ட என்னைக் கூப்பிட்டால் வர மாட்டேன்.

அடுத்தது தண்ணீர். இந்த மீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். கழிவு அம்மோனியாவாகிறது, அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்குகிறது, இன்னொன்று நைட்ரேட்டாக்குகிறது. இந்தப் பாக்டீரியா புதுத் தொட்டியில் வந்து உட்காரவே 4 முதல் 6 வாரம் ஆகும். போரிங் தண்ணீர் பிஎச் 8 பக்கம் இருந்து, வெயிலில் தண்ணீர் 30 டிகிரிக்குப் போனால் அம்மோனியாவின் விஷமான பகுதி பிஎச் 7-இல் இருப்பதைவிட ஏறக்குறைய 10 மடங்காகிவிடும். அதனால் அதே அழுக்கு, அதே மீன், ஒரு வீட்டில் ஒன்றும் ஆகாது, பக்கத்து வீட்டில் காலையில் மீன் மிதக்கும். கடையில் தரும் டாப் ஃபில்டரும் தொங்கவிடும் ஃபில்டரும் இதற்குக் காணாது. தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது வடிகட்டுவதற்கென்றே ஒரு தனித் தொட்டி வைத்து, அதில் பஞ்சு ஒரு பக்கம், அந்தப் பாக்டீரியா தங்குகிற பயோ மீடியா ஒரு பக்கம் என்று நிறைத்து, மொத்தத் தண்ணீரும் மணிக்கு 4, 5 முறை சுற்றி வருகிற மாதிரி மோட்டார் போட வேண்டும். அப்படியும் நைட்ரேட்டை வெளியே எடுக்க ஒரே வழி தண்ணீர் மாற்றுவது. வாரம் 30 சதவீதம் என்றாலே 800 லிட்டர். வாரா வாரம் மாடியில் இருக்கும் சின்டெக்ஸை முக்கால்வாசி காலி செய்தால் வீட்டுக்காரர் எத்தனை வாரம் பொறுப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ என்றால் குளோரினை எடுக்காமல் ஊற்றக்கூடாது.

தீனி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உயிர் மீன் போடாதீர்கள். கொளத்தூரில் ஃபீடர் என்று பை பையாக விற்கும் சின்ன கோல்ட்ஃபிஷ்ஷில் இரண்டு ஆபத்து. ஒன்று, கூட்டமாக அடைத்து வைத்த அந்த மீன்கள் நோயை நேராக உங்கள் தொட்டிக்குள் கொண்டுவந்துவிடும். இன்னொன்று, கோல்ட்ஃபிஷ் உடம்பில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பி1 வைட்டமினை அழித்துவிடும், அதையே தின்று வளரும் மீன் நாளாவட்டத்தில் நரம்புத் தளர்ச்சியில் தலைகீழாகச் சுற்றும். குட்டியிலிருந்தே தண்ணீரில் மூழ்கும் உருண்டைத் தீனிக்கு, அதாவது பெல்லட்டுக்குப் பழக்குங்கள். இரண்டு நாள் பட்டினி போட்டால் எந்த ரெட்டெய்லும் பெல்லட்டைத் தின்னும், வீம்பு பிடிக்கிற ஜாதி இல்லை இது. கூடவே தோலுரிக்காத இறால் துண்டு, முள் எடுத்த ஜிலேபி மீன் துண்டு. கோழி ஈரல், மாட்டு இதயம் என்று சிலர் அள்ளிப் போடுகிறார்கள், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது, எப்போதாவது ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 3 இன்ச் குட்டிக்குத் தினமும் ஒரு வேளை, ஓரடி வந்த பிறகு வாரத்துக்கு 3 முறை, 2 அடிக்கு மேல் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டத் தீனி போடுவதுதான் நான் பார்த்ததில் பாதி மீன்களைக் கெடுத்தது.

ஆஸ்கர்களை உடனே பிரித்துவிடுங்கள். இன்றைக்கு அவை குட்டியைத் துரத்துகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், 4 மாதத்தில் நிலைமை தலைகீழாகும். ரெட்டெய்லின் வாய் உடம்பைப் போலவே அகலம், தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கிற மீனையும் விழுங்கப் பார்க்கும், சில சமயம் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகும். ராத்திரி லைட் அணைத்த பிறகுதான் நடக்கும், காலையில் ஆஸ்கர் எங்கே போனது என்று நீங்கள் ஃபில்டருக்குப் பின்னால் தேடுவீர்கள், மூலையில் இது வயிறு புடைத்துப் படுத்திருக்கும். மீனை மட்டும் விழுங்கினாலும் பரவாயில்லை. கூழாங்கல், தெர்மாமீட்டர், ஏர் ஸ்டோன், ஃபில்டரின் ரப்பர் கப் எல்லாமே போகும். அதனால் தரையில் கல் போடாதீர்கள், வெறும் கண்ணாடியாக விடுங்கள், அல்லது நைஸ் மணல். போடுவதென்றால் வாயில் நுழையவே முடியாத பெரிய கல்.

இதை எழுதும்போது எனக்கு ஞாபகம் வருவது அண்ணாநகரில் ஒரு வீடு. 5 அடித் தொட்டி, இரண்டே கால் அடி ரெட்டெய்ல், 2 வயது. அந்த மீன் தொட்டியில் நேராக நீண்டு நான் பார்த்ததே இல்லை, எப்போதும் வாலை மடித்து 'ட' மாதிரிதான் கிடக்கும். வீட்டம்மா ஒருநாள் "அண்ணே, இதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டுது, எங்கயாவது கொண்டுபோங்க" என்றார். திருப்போரூர் பக்கம் ஒருவருடைய தோட்டத்தில் சிமெண்ட் தொட்டி இருந்தது, அவர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். வலை போட்டதும் பக்கத் துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொண்டது, அது முறுக்க முறுக்க வலை கிழிந்ததே தவிர முள் வரவில்லை. கடைசியில் வலையைக் கத்தரிக்கோலால் வெட்டி, நனைத்த போர்வையில் சுற்றித் தூக்கினோம். தூக்கியதும் அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி 'க்ர்க், க்ர்க்' என்று ஒரு சத்தம். அந்த இனம் பயந்தால் சத்தம் போடும் என்று தெரிந்தும் கை நடுங்கிவிட்டது. நீல டிரம்மில் போட்டு லிஃப்டில் இறக்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றி, பேட்டரி ஏர் மோட்டார் வைத்துக் கிளம்பினோம். நான் செய்த தப்பு, முதல் நாள் தீனி போட வேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்ல மறந்தது. பாதி வழியில் மீன் கக்கிவிட்டது, அரைகுறையாகச் செரித்த மீன் துண்டு, கூடவே 3 மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த ரப்பர் கப். டிரம் தண்ணீர் மோர் மாதிரி கலங்கி நாறியது. வழியில் தண்ணீர் மாற்ற வசதி இல்லை. தோட்டத்தில் இறக்கினோம், தரையைத் தொட்டு நீந்தியது, மறுநாள் காலையில் செத்துவிட்டது. கலங்கிய தண்ணீரா, அலைச்சலா, இரண்டு வருடக் குன்றலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு 4 நாள் பட்டினி போடாமல் எந்தப் பெரிய மீனையும் நான் இடம் மாற்றுவதில்லை.

மின்வெட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும், மே மாதம் மதியம் 3 மணி நேரம் மோட்டார் நின்றால் பெரிய மீன்தான் முதலில் திணறும். நம் ஊர் விரால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும், ரெட்டெய்லுக்கு அந்த வசதி கிடையாது. இன்வெர்ட்டரில் ஏர் பம்புக்குத் தனி லைன் போடுவது கட்டாயம். மருந்து விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. செதில் இல்லாத மீன் என்பதால் காப்பர் மாதிரியான மருந்துகள் சீக்கிரம் தாக்கும், கடையில் கொடுக்கும் நீலச் சொட்டு, பச்சைச் சொட்டை எல்லாம் பாட்டிலில் போட்டிருக்கிற அளவில் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் பொன்னேரி மீன்வளக் கல்லூரி மாதிரி படித்தவர்கள் இருக்கிற இடத்தில் கேளுங்கள்.

அப்படியானால் இதை யாருமே வளர்க்கக் கூடாதா என்றால், வளர்க்கலாம், தரையில் இடம் இருந்தால். சொந்த வீடு, பின்பக்கம் காலி இடம், 12 அடிக்கு 8 அடி, 4 அடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி, மேலே நிழல்வலை, பக்கத்தில் 3, 4 நீல டிரம்மை வரிசையாக வைத்துச் செய்த ஃபில்டர். கண்ணாடித் தொட்டியைவிடச் செலவும் குறைவு, மீனும் அந்த மங்கலான வெளிச்சத்தில் நிம்மதியாக இருக்கும். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும், அதனால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, நாறிய பிறகு கொட்டிக் கழுவி, இப்படி இரண்டு மூன்று முறை செய்து பிஎச் பார்த்துவிட்டுத்தான் மீன் விட வேண்டும். அப்படி ஒருவர் 7 வருடமாக வைத்திருக்கிறார், மாலையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அதைப் பார்த்தால் எனக்கே ஆசை வரும்.

உங்களுக்கு இப்போதைக்கு அது இல்லை. வளர்ந்த பிறகு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 3 இன்ச் குட்டியைத் திருப்பி வாங்க எல்லாக் கடையும் தயார், 2 அடி மீனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது. எனக்கே மாதம் இரண்டு போன் வருகிறது. கடைசியில் பலர் செய்வது, ராத்திரியில் ஏரியில் விடுவது. அதை மட்டும் எந்த நிலையிலும் செய்துவிடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்ற மீன் இன்றைக்குச் சென்னை ஏரிகளில் வலைக்கு வலை வருகிறது, வலையைக் கிழிப்பதைத் தவிர அதனால் மீனவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அராபைமா, அலிகேட்டர் கார் என்கிற வெளிநாட்டு ராட்சத மீன்கள் பிடிபட்டன, 2023-இல் ஸ்ரீநகர் தால் ஏரியிலேயே ஒரு அலிகேட்டர் கார் சிக்கியது. இவற்றில் எதுவும் தானாக நடந்து வந்ததில்லை.

வேட்டையாடுகிற மீன்தான் வேண்டும், கையில் தீனி வாங்குகிற மீன்தான் வேண்டும் என்றால், உங்கள் 3 அடித் தொட்டிக்கு நம் ஊர் ஓடைகளில் இருக்கிற சின்னக் குரவை வகை, சன்னா கச்சுவா என்று கடையில் கேளுங்கள், பொருந்தும். முக்கால் அடியைத் தாண்டாது, ஆரஞ்சு விளிம்பு வைத்த துடுப்பு, உங்களை முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளும், ஆண் மீன் குஞ்சுகளை வாயில் வைத்து அடைகாக்கும். மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள், தாவிவிடும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே 2, 3 இன்ச் காற்று இருக்கட்டும், மேலே வந்து மூச்செடுக்க வேண்டிய மீன். ஆஸ்கர் இரண்டையும் வைத்துக்கொள்வதென்றால் அவற்றுக்கே 4 அடிக்கு 2 அடித் தொட்டி வேண்டும், அந்தக் காசை அதில் போடுங்கள், அந்த எடையை உங்கள் தளம் சுவரோரமாகத் தாங்கிக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரெட்டெய்லை இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிய கடைக்குக் கொண்டுபோங்கள். பாதி விலைதான் தருவார்கள், பேரம் பேசாதீர்கள். சனிக்கிழமை தீனி வேண்டாம். பிடிக்கும்போது வலை போடாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து அதற்குள் ஓட்டிவிடுங்கள். 3 இன்ச்சிலேயே அந்தப் பக்கத் துடுப்பு முள் பையைக் குத்தும், அதனால் ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டு, நடுவில் பழைய பேப்பர் ஒரு சுற்று வைத்துக் கட்டுங்கள்.